அகதியின் வயிறும் நமது சம்பளமும்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஓர் அறிவிப்பு விடுத்தது. வங்காள தேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் அடைந்து கிடக்கும் ரொஹிங்கியா அகதிகளுக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 12.50 டாலராகக் கொடுத்து வந்த உணவுப்படி, ஏப்ரல் முதல் 6 டாலராகக் குறைக்கப்படும் என்பதே அது. நமது வெள்ளிக் கணக்கில் பார்த்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூட இல்லை. அந்தக் காசில் நம் தோட்டத்துக் கடையில் ஒரு வேளைத் தேநீர் கூடக் கிடைக்காது. மாத முடிவில் எங்கிருந்தோ பணம் வந்து சேர்ந்தது. 6 என்பது 12 ஆகத் திருத்தப்பட்டது. ‘தப்பித்தார்கள்’ என்று பலர் பெருமூச்சு விட்டனர்.

நமக்கு அப்படிப் பெருமூச்சு விடத் தோன்றவில்லை. 2023 மார்ச்சில் 12 டாலர் 10 ஆயிற்று. ஜூனில் 10 டாலர் 8 ஆயிற்று. 2024 ஜனவரியில் மறுபடியும் 10 ஆயிற்று. கூலியைக் கூட்டுவதும் குறைப்பதும் முதலாளியின் இஷ்டமாக இருந்த காலத்தில் நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்வை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 10 லட்சம் பேருடைய சோறு, தூர தேசத்துத் தலைநகர் ஒன்றில் ஒருவர் கையெழுத்துப் போடுவதையும் போடாததையும் பொறுத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இது உலகத்துக்கே வெட்ட வெளிச்சமாயிற்று.

இவர்கள் யார்? பர்மாவின், அதாவது இன்று மியன்மார் என்று வழங்கும் நாட்டின், அரக்கான் கரையைச் சேர்ந்த முஸ்லிம் விவசாயிகள், மீனவர்கள், கூலிகள். 1982-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் இவர்களைச் சொந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியது. 1978-இல் சுமார் 2 லட்சம் பேர் விரட்டப்பட்டனர். 1991-92-இல் சுமார் இரண்டரை லட்சம் பேர். 2017 ஆகஸ்டு 25-க்குப் பின், ஆயுதக் குழு ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்கியதைக் காரணம் காட்டி ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியபோது, சில மாதங்களில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் நாஃப் ஆற்றைத் தாண்டி ஓடினர். குழந்தையை இடுப்பிலும் கிழவியைத் தோளிலும் சுமந்து வந்தவர்களுக்குக் குதுப்பாலாங் குன்றுகளில் மரத்தை வெட்டித் தார்ப்பாய் கட்ட இடம் கிடைத்தது. அது ஊரல்ல. இன்றளவும் அவர்களுக்கு அதுதான் ஊர்.

பசியைக் கொண்டு மனிதனை விரட்ட முடியும் என்பதற்கு 1978-79-இன் கதை ஒன்றே போதும். அன்று ஓடி வந்தவர்களை எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று வங்காள தேசத்து அதிகாரிகள் நினைத்தனர். முகாமில் அரிசி தாராளமாகக் கிடைத்தால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள் என்று கணக்குப் போடப்பட்டது. சுமார் 10,000 பேர் அந்த முகாம்களில் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். குண்டு விழவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. இதை வெளியிட்டவர் அங்கேயே ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கிளை அலுவலகத் தலைவராக வேலை பார்த்த ஆலன் லிண்ட்குவிஸ்ட். அவருடைய அறிக்கை இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளின் சாவு ஒரு கணக்கிலும் ஏறியிராது. இன்று உணவுப்படி குறைகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 10,000 உயிர்கள்தாம்.

பசியை அளக்க ஒரு சின்ன நாடா இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையில் அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். கையின் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மஞ்சள், 11.5-க்குக் குறைந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் அந்தக் குழந்தைக்குச் சாதாரணச் சோறு மட்டும் போதாது. உடனே வைத்தியம் வேண்டும். நிலக்கடலை விழுது, பால் மாவு, எண்ணெய், சர்க்கரை, சத்து உப்புக்கள் சேர்த்து அரைத்த 92 கிராம் பொட்டலம் ஒன்று 500 கலோரி கொடுக்கும். 1990-களில் பிரான்சில் ஆந்திரே பிரியாண்ட் என்ற வைத்தியர் உருவாக்கிய பண்டம் இது. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், தாயே வீட்டில் பிதுக்கி ஊட்டலாம். இதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டிய குழந்தைகள் பெரும்பாலும் வீட்டிலேயே தேறுகின்றன.

2017 இறுதியில் குதுப்பாலாங் முகாமில் எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இப்படி இளைத்திருந்தது. பாதிக்குப் பாதி குழந்தைகளுக்கு ரத்த சோகை. நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினாலே அவசர நிலை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். பிறகு வைத்தியமும் உணவும் முறையாகப் போனதால் நிலைமை திருந்தியது. ஆனால் 2025-இல் யூனிசெப் வெளியிட்ட கணக்கு மறுபடியும் பதினைந்தைத் தாண்டிவிட்டது. 2017-க்குப் பின் அதுவே மிக உயர்ந்த அளவு. எட்டாண்டு பாடுபட்டுச் சேர்த்த சதை, படி குறைந்தால் எட்டு மாதத்தில் கரையும்.

அரிசி மூட்டையை இறக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்போர் உண்டு. அரிசியை வேக வைக்க விறகு வேண்டாமா? முதல் வருஷத்தில் அகதிகள் விறகுக்காகக் காட்டைச் சுரண்டி எடுத்தார்கள், குன்றுகள் மொட்டையாயின, யானைத் தடத்தில் குடிசை போட்டவர்களில் பத்துப் பேருக்கு மேல் யானை மிதித்து மாண்டனர். விறகு பொறுக்கப் போன பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பம் வேறு. 2018 முதல் எரிவாயுக் கலன்கள் கொடுக்கத் தொடங்கிய பிறகே அது ஓரளவு தணிந்தது. தண்ணீரும் அப்படித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டரும், இருபது பேருக்கு ஒரு கக்கூசும், 2,100 கலோரி உணவும் குறைந்த அளவு என்று நிவாரண வேலை செய்வோர் தமக்குள் வகுத்திருக்கிறார்கள். எண்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். லயத்துக்கு எத்தனை குழாய், எத்தனை கக்கூசு என்று நிர்வாகத்தோடு மேசைக்கு மேசை வாதாடிப் பெற்றவர்கள் நாம். அந்த எண்களில்தான் நோயும் சாவும் ஒளிந்திருக்கின்றன.

சத்தைப் பற்றிய ஒரு பாடத்தை இந்த மலாயா மண்ணே உலகுக்குக் கற்பித்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் ‘பெரிபெரி’ என்னும் கால்வீக்க நோய் சீனத் தொழிலாளரை அள்ளிக்கொண்டு போயிற்று. அதே வெயிலில் அதே மழையில் வேலை செய்த தமிழனை அது அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் புழுங்கலரிசி. 1905-06-இல் கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வில்லியம் பிளெச்சர் என்ற வைத்தியர் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி தின்றவர்களில் ஒருவரும் மாளவில்லை. (வாயில்லாத நோயாளிகளை வைத்து இப்படிச் சோதிக்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்க வேண்டிய கேள்விதான்.) வயிறு நிரம்புவது வேறு, உடம்பு நிற்பது வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. முகாமில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் மட்டும் தின்று வளரும் பிள்ளைக்கு ரத்தம் ஊறாததற்கும் இதுவே காரணம். 2024 முதல் அங்கே சத்து கலந்த அரிசி சேர்க்கப்படுகிறது. மீனும் கீரையும் முட்டையும் வாங்க, அந்த மாதப் படியில் மிச்சம் பிடிக்க வேண்டும்!

தெரிந்த பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சயாம் மரண ரயில் பாதை காட்டியது. 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய் அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்கள் யார்? ‘மூன்று மாத வேலை, நல்ல சம்பளம்’ என்ற பேச்சை நம்பியும், தெருவில் பிடிபட்டும், பிரட்டுக்களத்திலிருந்தே லாரியில் ஏற்றப்பட்டும் போனவர்கள் அவர்கள். தீட்டிய அரிசிக் கஞ்சி, ஆற்றுத் தண்ணீர், அடைமழை. காலராவும் பெரிபெரியும் சீதபேதியும் காய்ச்சலும். மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை 90,000 அளவில் இருக்கும் என்று பலர் மதிப்பிடுகிறார்கள். சரியான தொகை யாருக்கும் தெரியாது. நம்மவரை யார் எண்ணினார்?

அதே பாதையில் 60,000-க்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் இருந்தனர். அவர்களில் சுமார் 12,000 பேர் மாண்டனர், அதுவும் கொடுமைதான். ஆனால் நம்மவர் மாண்ட விகிதம் அதைவிட மிக அதிகம். கைதிகளுக்குத் தங்கள் கூடவே தங்கள் வைத்தியர்களும் அதிகாரிகளும் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், கக்கூசுக் குழியைத் தூரத்தில் வெட்ட வேண்டும், நோயாளியைத் தனியே பிரிக்க வேண்டும் என்று கட்டளையிட ஆளும் அதற்குக் கீழ்ப்படிய அமைப்பும் இருந்தன. நம் மக்களுக்கு வைத்தியரும் இல்லை, தலைவரும் இல்லை, சங்கமும் இல்லை. குடும்பத்தோடு போனவர்களின் குழந்தைகள் முதலில் மாண்டன. காக்ஸ் பஜாரைப் பற்றி நாம் ஏன் எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நெருங்கிய விடை நம்மிடம் இல்லை.

நல்லதும் சொல்ல வேண்டும். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊரான போங்காவ்னில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தரையில் நடக்க இடமில்லாமல் நோயாளிகள் கிடந்தனர். டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் என்ற வங்காளத்து வைத்தியர் குளுக்கோசையும் உப்பையும் சோடாவையும் பொட்டலம் கட்டி, சுத்தமான தண்ணீரில் கரைத்து, தாயும் தந்தையுமே நோயாளிக்கு ஊட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அன்றுவரை அதை நம்பாத வைத்திய உலகம் நம்பியது. 2017 அக்டோபரில் ரொஹிங்கியா முகாம்களுக்கு 9 லட்சம் காலராத் தடுப்பு மருந்து அளவுகள் முன்கூட்டியே கொண்டுபோகப்பட்டன. பயந்த அளவுக்கு அங்கே காலரா மூளவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் தொண்டை அடைப்பான் கிளம்பி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. சொந்த நாட்டில் தடுப்பூசியே காணாத பிள்ளைகள் அல்லவா!

நமது நாடும் சும்மா இருக்கவில்லை. 2017 டிசம்பரில் காக்ஸ் பஜாரில் மலேசியா ஒரு கள ஆஸ்பத்திரியைத் திறந்து சில ஆண்டுகள் நடத்தியது. அதைப் பாராட்டுகிறோம். கடல் கடந்து அகதிக்கு வைத்தியம் பார்த்த அதே சர்க்கார், நம் வாசலுக்கு வந்த அகதியை எப்படி நடத்துகிறது?

ஐ.நா. அகதிகள் ஆணையம் மலேசியாவில் பதிந்து வைத்திருப்போர் இரண்டு லட்சத்துக்கு அண்மை. அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ரொஹிங்கியாக்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய இயலாது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்நியருக்குரிய கட்டணம். அட்டை இருந்தால் அதில் பாதி. அட்டை இல்லாதவரைக் கண்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைப்பேற்றுக்கு வரும் பெண் எதற்குப் பயப்படுவாள்? வலிக்கா, வாசலில் நிற்கும் ஆளுக்கா? பயந்து வீட்டில் கிடப்பவர் நோயோடு கிடக்கிறார். 27 ஆண்டுகளாக இல்லாதிருந்த இளம்பிள்ளை வாதம் 2019 டிசம்பரில் சபாவில் தலைகாட்டியது; பிடிபட்டது மூன்று மாத மலேசியக் குழந்தை, கிருமியோ பிலிப்பைன்ஸில் பரவியதன் இனம். கிருமி அடையாள அட்டையைக் கேட்பதில்லை.

இனி நம் அங்கத்தினர் சிலர் தேநீர்க் கடையில் பேசும் பேச்சுக்கு வருவோம். ‘இவர்கள் வந்து நம் வேலையைக் கெடுக்கிறார்கள், சம்பளத்தை இறக்குகிறார்கள்’ என்கிறார்கள். சம்பளம் இறங்குவது உண்மை. இறக்குவது யார்? வேலை செய்ய உரிமையில்லாத ஒருவனை ஒப்பந்தக்காரர் கூட்டிக்கொண்டு போய்ப் புல் வெட்ட விடுகிறார். மருந்து தெளிக்க விடுகிறார். கூலி கொடுக்காவிட்டால் அவன் தொழில் இலாகாவுக்குப் போக முடியாது. கையில் வெட்டுப்பட்டால் நஷ்ட ஈடு கேட்க முடியாது. சங்கத்துக்கு வந்தால் போலீசுக்கு ஆள் போகும். இப்படி ஓர் ஆள் கிடைக்கும்போது, 2025 பிப்ரவரி முதல் சட்டம் வகுத்த 1,700 வெள்ளியை நமக்குக் கொடுக்க முதலாளிக்கு மனம் எப்படி வரும்? அகதியின் வாயைக் கட்டியிருக்கும் கயிறுதான் நம் கழுத்தையும் இறுக்குகிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஒரே சட்டம், ஒரே சங்கம் என்றால் அவனை மலிவாக வாங்க யாராலும் முடியாது.

2017-இல் 300 ரொஹிங்கியாக்களுக்குத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை கொடுக்கும் சோதனைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அது வளரவில்லை. 300 பேர் என்பது ஒரு பெரிய தோட்டத்தின் ஒரு டிவிஷனுக்கே போதாத தொகை. அவர்களுக்குப் பழக்கமான வேலை எது, குடும்பம் எங்கே, பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று கேட்காமல் காட்டுக்குள் போ என்றால் யார் போவார்? திட்டம் தோற்றது அகதியின் சோம்பலால் என்று சிலர் பேசினர். இதே சொல்லை நம்மீதும் வீசிய துரைமார் உண்டு. நமக்குக் காது பழகியிருக்கிறது.

சிவப்பு அடையாள அட்டையை நாம் மறந்துவிட்டோமா? இம்மண்ணில் பிறந்து, இம்மரத்தில் பால் எடுத்து, கையில் தாள் இல்லாத காரணத்தால் 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ‘வேலை பெர்மிட்’ கேட்டு வரிசையில் நின்றவர்கள் நம் அப்பன்மார். பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம் குடும்பங்கள். இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலையும் பிள்ளைகள் நம் லயங்களில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? தாளில்லாதவனைக் கேலி செய்ய நம்மைவிடக் குறைந்த யோக்கியதை உடையவர் இந்நாட்டில் இல்லை.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. அகதிக்கு வேலை செய்யும் உரிமையும், குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் பாதுகாப்பும், சங்கத்தில் சேரும் உரிமையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சர்க்கார் கிளினிக்கில் குடிமகனின் கட்டணமே வேண்டும். 2001-இன் சுற்றறிக்கை போக வேண்டும். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் தாய்களையும் பிள்ளைகளையும் அடைத்து வைப்பது நிற்க வேண்டும். மியன்மார் ராணுவத்தின் விஷயத்தில் ஆசியான் நாடுகள் ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற பழைய பாட்டைப் பாடிக் கொண்டிருப்பது வெட்கக்கேடு. 2025 மே மாதத்தில் இரண்டு படகுகள் கவிழ்ந்து 427 ரொஹிங்கியாக்கள் மாண்டிருக்கக்கூடும் என்று அகதிகள் ஆணையம் அஞ்சியது. முகாமில் சோறு குறைய, கடலில் படகு பெருகும் என்பது மீனவனுக்குத் தெரிகிறது, மந்திரிகளுக்குத் தெரியவில்லை.

உதவி திரட்ட நினைக்கும் கிளைகளுக்கு ஒரு வார்த்தை. பால் டின்களைச் சேகரித்து அனுப்பாதீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் கெட்ட தண்ணீரில், கழுவாத புட்டியில் கரைத்த பால் கைக்குழந்தைக்கு விஷம். 1939-இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, டின் பால் விற்க நம் தாய்மாரை ஏமாற்றிய கம்பெனிகளைச் சாடினார். முகாமில் குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து. ஆகவே தாய்க்குச் சோறு போக வேண்டும். பணமாகத் திரட்டி, அங்கே நேரடியாக வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கு அனுப்புங்கள்.

காக்ஸ் பஜார் தூரம். நம் தோட்டத்து எல்லையில் ஒப்பந்தக்காரரின் தகரக் கொட்டகை தூரமில்லை. அங்கே ஒரு குழந்தைக்குப் பேதி என்று கேள்விப்பட்டால் கிளைச் செயலாளர் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துச் சிறிது சிறிதாக ஊட்டச் சொல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கண் குழிந்திருந்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும் தாமதிக்காமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஆணையத்தின் அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், கட்டணம் பாதியாகும். தந்தைக்கு எத்தனை மாதக் கூலி பாக்கி என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.